பெற்றவள் வாசலுக்கு வந்த கல்

முறம்புக்கோட்டையில் ஒருவரைக் கொன்ற பொருள் எதுவாக இருந்தாலும், அது மூன்றாம் நாள் தானாகவே புறப்பட்டு, செத்தவரைப் பெற்றவளின் வாசலுக்கு வந்து நின்றுவிடும். பெற்றவள் உயிரோடு இல்லையென்றால் கட்டியவர் வாசலுக்கு, அவரும் இல்லையென்றால் பிள்ளைகள் வாசலுக்கு, ஒருவருமே இல்லாதவர் என்றால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். இது எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், ஐப்பசியில் ஏன் மழை பெய்கிறது என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல எங்கள் ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள்.

மேலத்தெரு சுப்புக்குட்டியின் இடுப்பில் ஏறி இறங்கிய மினி பஸ், டிரைவர் இல்லாமல் கிளம்பி, பழக்கத்தில் இரண்டு நிறுத்தங்களில் நின்று, ஆள் ஏறாததால் மறுபடி நகர்ந்து, அவனுடைய அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கோலத்துக்கு ஒரு முழம் தள்ளி முன்சக்கரத்தை ஒடித்துக்கொண்டு நின்றது. தவசிக்கண்ணுவின் குடலைச் சரித்த காளை மூக்கணாங்கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து படுத்தது. தவசிக்கண்ணுவைப் பெற்றவள் அதை ஒன்பது வருஷம் வைத்து உழுதாள், தினம் காலையில் அதன் முகத்தில் காறித் துப்பிவிட்டுத்தான் தண்ணீர் காட்டினாள். அறுந்து விழுந்து இரண்டு பேரை ஒரே நேரத்தில் கருக்கிய மின்கம்பி, நடுவில் தானே இரண்டாக அறுத்துக்கொண்டு இரண்டு தெருவுக்கும் நெளிந்து போனது. வெட்டுக்குத்தில் போனவர்களின் அரிவாள்கள் தார்ரோட்டில் நுனியால் டக் டக்கென்று ஊன்றி நடந்து வரும்; அப்போது சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஒதுங்கி நிற்பார்கள், கடைக்காரர்கள் பாட்டை நிறுத்துவார்கள், போன பிறகு மறுபடி போடுவார்கள்.

போலீஸ்காரர்களுக்குத்தான் இதில் சௌகரியம். எந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தாலும் ஆறே மாதத்தில் விசாரிப்பதை விட்டுவிடுவார். பிணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, “பொருள் வரட்டும்” என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார். வந்த தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் தடம் முடிகிற இடத்தில் கொன்றவன் முகம் கழுவிக்கொண்டிருப்பான்.

இப்படி வருகிற பொருளுக்கு ஒரு பெயர் இல்லாமல்தான் வெகுகாலம் இருந்தது. பெயர் வைத்தவர் ஞானதிரவியம். முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் நகல் எழுதி ஓய்வு பெற்றவர், ஊர் அவரைக் கோர்ட்டு ஐயா என்று கூப்பிடும். ரெக்கார்டு அறையில் கரையான் அரித்துக் கிடந்த ஒரு பழைய இங்கிலீஷ் சட்ட அகராதியில் அவர் அந்த வார்த்தையைக் கண்டார்: டியோடண்ட். வெள்ளைக்காரனின் ஊரில் முற்காலத்தில் ஒருவன் மேல் வண்டி ஏறினால் வண்டிதான் குற்றவாளி, அதைக் கடவுளுக்குக் கொடுத்துவிட வேண்டும், கடவுள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளாததால் ராஜா வாங்கிக்கொள்வார். ஒரு பக்கத்தில், கடவுளுக்குக் கொடுக்கப்பட்டது என்று அர்த்தம் போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், பொருளுக்குப் பதிலாக வாங்கும் அபராதம் என்று. இன்னொரு இடத்தில், அசைந்த பகுதி மட்டும் என்று: ஓடுகிற வண்டி கொன்றால் வண்டி, குதிரை, பாரம் எல்லாம் சேர்த்து, நிற்கிற வண்டியின் சக்கரத்தில் ஏறி வழுக்கி விழுந்து செத்தால் அந்தச் சக்கரம் மட்டும். பிறகு ரயில் வந்தது, ரயில் நிறையப் பேரைக் கொன்றது, என்ஜினைக் கடவுளுக்குக் கொடுக்கக் கம்பெனிக்காரர்களுக்கு மனம் வரவில்லை, சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். “அங்க எடுத்துட்டான், இங்க வந்து நிக்கி” என்றார் கோர்ட்டு ஐயா.

ஊர் அந்த வார்த்தையை டியோடந்து என்று வாங்கிக்கொண்டு, வாங்கிய நாளிலிருந்தே தன் இஷ்டத்துக்குப் புழங்க ஆரம்பித்தது. பூசாரிக்கு அது கோயிலில் சேர்க்க வேண்டியது. ஏட்டுக்கு அது சாட்சி. பழைய இரும்புக்கடை மைதீன் பிச்சைக்கு அது சொந்தக்காரன் தேடி வராத சரக்கு. தெருக்குழாயடியில் அது வசவு: “உன் ஆத்தா வாசலுக்கு டியோடந்து வர!” பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது ஓடிப்பிடிக்கிற விளையாட்டு. பிள்ளைகளை வெளியூர் அனுப்பிய தாய்மார்களுக்கு மட்டும் அது அர்த்தமே இல்லாத வார்த்தை. அதைக் கேட்டால் வாசலைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஐந்து பேர் கமிட்டி ஒன்று உண்டானது. கோர்ட்டு ஐயா தலைவர், மைதீன் பிச்சை அதில் ஒருவர். கமிட்டி இரண்டே இரண்டு விதிகள் வைத்தது. வந்த பொருள் பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் பெற்றவள் கையில் இருக்கும், அதுவரை யாரும் தொடக் கூடாது, சாவு விழுந்த துட்டி வீட்டுக்குள் கமிட்டி நுழையவும் கூடாது. இரண்டாவது, அந்தப் பொருளைக் கடைசியில் என்ன செய்வது என்பது பெற்றவள் வாயிலிருந்து வர வேண்டும்.

இந்த ஊரில்தான், ஒரு ஆவணி மாதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், சண்முகக்கனி தன் புருஷன் பலவேசத்தைக் கொன்றாள்.

பலவேசம் லோடு ஏற்றுகிற ஆள். அடிப்பதற்குக் கூலி கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்வான், யாரும் கொடுக்காத நாட்களில் வீட்டில் சும்மா அடிப்பான். கனியின் இடது காது இரண்டாகக் கிழிந்து தொங்குவது அவன் கம்மலைப் பிடித்து இழுத்ததால். அவனைப் பெற்ற ஆவுடைத்தங்கத்துக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லாததற்கும் அவன்தான் காரணம். கேட்டால் கரும்பு கடித்தேன் என்பாள். அன்றைக்கு மத்தியானம் ஆறு வயசு மகள், அவன் தட்டில் குழம்பு ஊற்றும்போது சிந்திவிட்டாள். அவன் பிள்ளையின் பிடரியைப் பிடித்துப் புறவாசலுக்குக் கொண்டுபோய், மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அமுக்கினான். அமுக்கி, எண்ணினான். பத்து வரைக்கும் எண்ணி வெளியே எடுத்தான், மறுபடி அமுக்கி இருபது வரைக்கும் எண்ணினான், மூன்றாம் தரம் அமுக்கியபோது எண்ணிக்கையை முப்பதிலிருந்து ஆரம்பித்தான். அந்தப் புறவாசலில்தான் அம்மி இருந்தது. தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த கனியின் கையில் குழவி இருந்தது.

பிள்ளை இருமி இருமி மூச்சுக்கு வந்ததும், கனி குழவியைக் கழுவாமல் குடத்துக்குள் போட்டு இடுப்பில் வைத்து, தண்ணீருக்குப் போகிறவள்போலப் பொதுக்கிணற்றுக்குப் போய், குடத்தைக் கவிழ்த்துவிட்டு, நிறைகுடத்தோடு திரும்பி வந்து கத்தினாள். புறவாசல் சந்துக்குத் திறந்து கிடக்கும். பலவேசத்தை அடிக்க ஊரில் பாதிப் பேருக்குக் காரணம் இருந்தது. இன்ஸ்பெக்டர் பிணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, பொருள் வரட்டும் என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கிணற்றுத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிட்டது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றார்கள். குழவி படியேறி வந்தது, ஒவ்வொரு படியிலும் சற்று நின்று ஏறியது, தெருவுக்கு வந்ததும் நீளவாக்கில் திரும்பி, மாவு உருட்டுகிற கை ஒன்று மேலே இருப்பதுபோல நிதானமாக உருண்டு, ஈரத் தடம் விட்டுக்கொண்டு, ஆவுடைத்தங்கத்தின் வாசலில் வந்து ஓய்ந்தது. தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போன ஏட்டு கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“கொழவி மட்டும் வந்திருக்கு, அம்மி வரல” என்றார் கோர்ட்டு ஐயா. அவர் குரலில் லேசாகச் சந்தோஷம்கூட இருந்தது. “அசைஞ்சது மட்டும்தான் வரும். புஸ்தகத்துல உள்ளபடி.”

“அப்பம் அம்மி எங்கயோ ஒரு வீட்டுல மலந்து கெடக்கும்” என்றார் மைதீன் பிச்சை. “அதைத் தேடுததுதான் உமக்கு வேலை. சிரிச்சுக்கிட்டு நிக்கீரு.”

தேடுவது பெரிய காரியமல்ல. மிக்ஸி வந்த பிறகு ஊரில் முப்பத்தேழு வீட்டில்தான் அம்மி இருந்தது. எந்தக் குழவியும் வருஷக்கணக்கில் ஒரே அம்மியில் தேய்ந்து அந்த அம்மியின் பள்ளத்துக்கே உருவாகியிருக்கும்; அம்மியில் கரித்தூளைப் பூசி உருட்டினால், ஜோடிக் குழவி நுனியிலிருந்து நுனிவரை சீராகக் கறுக்கும், வேற்றுக் குழவி நடுவிலோ ஓரத்திலோ மட்டும் கறுக்கும். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு குழவியை வண்டியில் வைத்து வீடு வீடாகப் பார்ப்பது என்று முடிவானது.

கூட்டம் கலைந்த பிறகு ஆவுடைத்தங்கம் குனிந்து குழவியைத் தூக்கினாள். பேத்தி பிறந்தபோது மருமகள் வீட்டில் நாற்பது நாள் இதில்தான் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து அரைத்தாள். ஒரு முனையில் கட்டைவிரலுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். விரல் தானாக அங்கே போய் உட்கார்ந்தது. அவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, தன் மகன் பெயரைச் சொல்லி, அவன் பிறந்த நட்சத்திரத்தைச் சொல்லி, பால் மறக்காமல் நாலு வயசுவரை அவன் படுத்திய பாட்டைச் சொல்லி, கேட்டவர்கள் வயிற்றில் அடித்துக்கொள்கிற மாதிரி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மருமகளைக் கூப்பிட்டு விட்டாள்.

கனி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லைப் பார்த்தாள்.

“சொல்லுட்டி” என்றாள் ஆவுடைத்தங்கம்.

கனி சொன்னாள். குழம்பு சிந்தியதை, தொட்டியை, பத்தை, இருபதை. முப்பதை, குழவியை, கிணற்றை.

“எத்தனை அடி?”

“ஒண்ணுதான் அத்த. தெரியாம, ஓங்கின வேகத்துல… ஒரே அடிதான். நான் ஸ்டேசனுக்குப் போயிருதேன். பிள்ளைய மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க.”

“நான் பாத்துக்கிட? எனக்கு அறுபத்தாறு. நான் எத்தன வருசம் பாப்பேன்? அது வயசுக்கு வாரப்பம் யாரு இருப்பா, ஒன் அப்பனா?” ஆவுடைத்தங்கம் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தன் வீட்டுக் குழவியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். “இதை அரிசிப் பானைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போ. ஒன் அம்மியில போட்டு அரை. மணலும் தண்ணியும் ஊத்தி அரை. ஒன் அம்மி இதைத் தன்னோடதுன்னு சொல்லுத வரைக்கும் அரை. வந்த கல்லை நான் என் அம்மியில அரைக்கேன்.”

“அத்த, அப்படின்னா நீங்க…”

“ஒரு அடின்னு சொன்னேல்லா? ஒரு அடி எனக்கு விளங்கும். நானே அடிச்சிருக்க வேண்டியது. போ.”

அன்றிலிருந்து கீழத்தெருவில் இரண்டு வீட்டில் காலை முதல் விளக்கு வைக்கிற வரை அரைக்கிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டில் இழுக்கும்போது அடுத்த வீட்டில் தள்ளினார்கள். கடப்பாரையைக் கல்லில் தீட்டுகிற சத்தம், பல்லைக் கூச வைக்கிற சத்தம், அடுத்த வீட்டுத் தொட்டிலில் பிள்ளைகள் அதற்குப் பழகித் தூங்கின, சத்தம் நின்றால் விழித்தன. முதல் நாள் விரல் கொப்பளித்தது, மூன்றாம் நாள் கொப்பளம் உடைந்தது, ஐந்தாம் நாள் உள்ளங்கைத் தோல் கையுறைபோல உரிந்து கல்லில் ஒட்டிக்கொண்டது, ஏழாம் நாளிலிருந்து அம்மியில் வழிந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வாசலைத் தாண்டிச் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. கிழவிக்குத் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். மருமகளுக்குமா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தெருவில் போகிறவர்கள் அந்த இரண்டு வாசலைத் தாண்டும்போது கீழே பார்த்துக்கொண்டு, செம்மண் தண்ணீரை மிதிக்காமல், கால் எட்டிவைத்துத் தாண்டப் பழகிக்கொண்டார்கள்.

டீக்கடை பெஞ்சில் மைதீன் பிச்சை பக்கத்திலிருந்த கோர்ட்டு ஐயாவின் தொடையைத் தட்டினார். “ரெண்டு வீட்டுலயும் எட்டு நாளா அரைக்காவ. ஒரு வீட்டுலகூடக் கொழம்பு வாசம் வரலயே, கவனிச்சீரா?”

“எனக்குச் சளி பாய். மூக்கு அடைச்சுக் கெடக்கு.”

“காதுமா அடைச்சிருக்கு?”

“பொருளைப் பெத்தவ உபயோகிக்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல எங்கயும் இல்ல” என்றார் கோர்ட்டு ஐயா, டீயை ஊதிக்கொண்டே. “மூணு தரம் வாசிச்சுப் பாத்துட்டேன்.”

மைதீன் பிச்சை டம்ளரைக் கீழே வைத்தார். “ஒம்மள மாதிரி ஆளு முப்பது வருசம் கோர்ட்டுல இருந்திருக்கீரு. எத்தன பேரு தப்பிச்சானோ!”

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, சாப்பிட்ட இலை எடுத்த கையோடு கமிட்டி எழுந்தது. ஊரே பின்னால் போனது. கனி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் ஏட்டு, பிணம் கிடந்த இடம் அதுதான் என்பதால். கனியின் அம்மியில் கரித்தூள் பூசி, வந்த குழவியை வைத்து உருட்டினார்கள். அது தடதடவென்று ஆடியது. நடுவில் ஒரு கை அகலத்துக்குத்தான் கறுத்தது. அங்கே இருந்த குழவியை உருட்டிப் பார்த்தார்கள். நுனியிலிருந்து நுனிவரை கறுத்தது. கனி சேலைத் தலைப்புக்குள் இரண்டு கைகளையும் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் கையைக் காட்டச் சொல்லவில்லை.

“வீடு வீடா எங்க அலையுதிய?” என்று தெருவிலிருந்து சத்தம் வந்தது. ஆவுடைத்தங்கம் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். “என் வீட்டுக்கு வாங்க. என் கல்லுதான் அது. நான்தான் கெணத்துல போட்டேன், எனக்கே திரும்பி வந்துட்டு.”

அவள் அம்மியில் குழவி வழுக்கிக்கொண்டு ஓடியது. இம்மி இடைவெளி இல்லை. கரி இரண்டு முனையிலும் ஒரே கோடாக நின்றது. ஏட்டு மட்டும் அதைக் குனிந்து பார்த்தார்; மற்றவர்கள் அவள் உள்ளங்கையைப் பார்த்தார்கள், அங்கே ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை.

கோர்ட்டு ஐயா ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். ஏட்டு பக்கத்தில் நின்று கேட்டார். எதற்கு அடித்தாய் என்று கேட்டதற்கு, மகன் வீட்டுக்குப் போனேன், பேத்தியைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தான், கொத்தக் கொடுக்க எடுத்துப் போன என் கல் கையில் இருந்தது என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. மருமகள் எங்கே என்றதற்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள் என்றாள். அதுவும் சரியாக இருந்தது.

“எத்தனை அடி?”

“ஒண்ணு.”

ஏட்டு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். கோர்ட்டு ஐயா அதை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி வாசித்தார்.

“ஆஸ்பத்திரியில மூணுன்னு எழுதியிருக்கு, ஆவுடை. மொதல்ல நெத்தியில ஒண்ணு. பெறவு பின்மண்டையில ரெண்டு. குப்புற விழுந்து கெடந்தவன் மேல விழுந்த அடி அந்த ரெண்டும். எலும்பு உள்ள எறங்கினது அதுலதான். மொத அடியில அவன் சாகலயாம்.”

ஆவுடைத்தங்கம் திரும்பி மருமகளைப் பார்த்தாள். நெற்றியில் அடிபட்டு, குப்புற விழுந்து, உயிரோடு, மண்ணில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்த தன் பிள்ளையை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். அவன் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியிருக்கும். ஒருவேளை அம்மா என்றுகூட முனகியிருப்பான். அவனுக்கு மேலே நின்று இவள் இரண்டு கைகளாலும் மறுபடி தூக்கியிருக்கிறாள், ஓங்கியிருக்கிறாள், தூக்கியிருக்கிறாள். பதிமூன்று நாள் அரைத்து உரிந்த தன் இரண்டு கைகளையும் ஆவுடைத்தங்கம் குனிந்து பார்த்தாள். கிழவியின் ஒரு சொல் போதும், கனியைப் பிடிக்க மறுபடி கரித்தூள்கூட வேண்டாம்.

கனி பிள்ளையின் கையை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தாள். “அத்த, நான்—”

“நீ வாயைத் தொறந்தேன்னா கொன்னுருவேன்” என்றாள் ஆவுடைத்தங்கம். அதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை என்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு அவள் கோர்ட்டு ஐயாவின் பக்கம் திரும்பினாள். “மூணுதான். எழுதும்.”

ஏட்டு குறுக்கிட்டார். “விழுந்து கெடந்தவனை எதுக்கும்மா அடிச்சே?”

“எந்திரிச்சா என்ன செய்வான்னு ஒமக்குத் தெரியாது. நான் வளத்த பிள்ள, எனக்குத் தெரியும்.”

கோர்ட்டு ஐயா எழுதினார். எழுதி முடித்து, கடைசிப் பத்திக்கு வந்தபோது, அவருக்குத் தெரிந்த அர்த்தங்கள் எல்லாவற்றையும் ஒரு தரம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். கொன்றவளும் பெற்றவளும் ஒருத்தியே என்றால் பொருள் யாருக்கு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனாலும் விதி விதிதான். “கல்லை என்ன செய்ய? நீதான் சொல்லணும்” என்றார். பூசாரி முன்னால் வந்தார். மைதீன் பிச்சை, “உடைச்சிருவமா, யக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஆவுடைத்தங்கம் தாடையால் மருமகளைக் காட்டினாள்.

“அவகிட்ட குடுங்க. தெனமும் அதுலதான் அரைக்கணும். எம் பேத்திக்கு அரைச்சுப் போடட்டும். அரைச்சு முடிச்ச பெறவு, ஒவ்வொரு நாளும், இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கட்டும்.”

சொல்லிவிட்டு, தெருவில் நின்ற போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தாள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு இரண்டு கையாலும் தூக்கினாள்.